சிவப்பு முத்திரை

‘திரையை விட்டு இறங்கிய இசை’ – பகுதி 9

சென்ற வாரம் எரிக் வோல்ஃப்காங் கோர்ன்கோல்டை அவருடைய கடைசி நாளில், 1957 நவம்பர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் விட்டுவிட்டு வந்தோம். வியன்னா அரசவை ஆப்பராவில் முதல் படைப்பு அரங்கேறியபோது அவருக்கு வயது 13. 23 வயதில் எழுதி முடித்திருந்த ‘டீ டோட்ட ஷ்டாட்’ ஆப்பரா ஹாம்பர்கிலும் கொலோனிலும் ஒரே நாளில் மேடையேறியது. 1934-ல் நாடக மேதை மாக்ஸ் ரெய்ன்ஹார்ட் அழைத்ததால் ஹாலிவுட் போனார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது ‘ராபின் ஹூட்’ படத்துக்குப் பின்னணி இசை எழுதிக்கொண்டு அமெரிக்காவில் இருந்ததால் உயிர் தப்பினார். போர் முடிந்து வியன்னா திரும்பினால் ஊர் அவரைப் பழங்காலத்து ஆள் என்றது. கச்சேரி உலகமோ சினிமாக்காரர் என்றது. இரண்டு வீட்டிலும் இலை போடாத விருந்தாளியாக 60 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் பெரும்பாலும் மௌனம். 1972-ல் அது உடைந்தது. உடைத்தது ஆப்பரா மேடையுமல்ல, சினிமாக் கொட்டகையுமல்ல; ஒரு எல்.பி. இசைத்தட்டு.

* * *

லண்டன் ஹோபர்ன் பகுதியில் கிங்ஸ்வே ஹால் என்று ஒரு கட்டடம் இருந்தது. 1912-ல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டியது. தரை சரிவாக இருக்கும். கீழே பாதாள ரயில் ஓடும். நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் அந்த ரயிலின் உறுமல் பல புகழ்பெற்ற பதிவுகளின் அடியில் இன்றும் காதில் விழும். ஆனாலும் அந்த ஹாலில் எழும் ஒலியின் செழிப்புக்காக, ரயிலைப் பொறுத்துக்கொண்டு, உலகின் பெரிய இசை நிறுவனங்களெல்லாம் அங்கே வந்தன. டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் கென்னத் வில்கின்சனுக்கு அந்த ஹாலின் ஒவ்வொரு மூலையும் பழக்கம். கோர்ன்கோல்டின் படங்களிலிருந்து தேர்ந்தெடுத்த இசை அங்கேதான் புதிதாக வாசிக்கப்பட்டுப் பதிவானது. வாசித்தது நேஷனல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா. பெயர் பெரிதாக இருந்தாலும் அது கச்சேரி மேடை ஏறுகிற ஆர்க்கெஸ்ட்ரா அல்ல. சிட்னி சாக்ஸ் என்ற வயலின் கலைஞர் லண்டனின் முதல்தர வாத்தியக்காரர்களை ஒலிப்பதிவுக்கென்றே கூட்டிவந்து அமைத்த குழு. நடத்தியவர் சார்ல்ஸ் கெர்ஹார்ட். இவர் இசை நடத்துநராகப் பிழைப்பைத் தொடங்கியவர் அல்லர். ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை சந்தாதாரர்களுக்கு விற்ற இசைத்தட்டுப் பெட்டிகளைத் தயாரித்துத் தேறிய அமெரிக்கர். தயாரிப்பாளர் ஜார்ஜ் கோர்ன்கோல்ட், இசையமைப்பாளரின் மகன்.

இசைத்தட்டுக்கு 1940-ல் வந்த எரால் ஃபிளின் படத்தின் பெயரை வைத்தார்கள்: ‘தி சீ ஹாக்’. அதன் கீழே ‘எரிக் வோல்ஃப்காங் கோர்ன்கோல்டின் செவ்வியல் திரையிசை’ என்ற பொருளில் ஒரு வரி. திரையிசை என்றதும் நம் வாசகர் பாட்டை எதிர்பார்க்கக்கூடும். இங்கே ‘தி கான்ஸ்டன்ட் நிம்ஃப்’ படத்துக்காக எழுதிய ஒரு பாடலைத் தவிர மற்றதெல்லாம் பின்னணி இசை; வாள் சண்டைக்கும் காதலர் பிரிவுக்கும் முடிசூட்டுக்கும் பின்னால் ஒலித்தது. வெளியிட்டது ஆர்.சி.ஏ. நிறுவனம், அதிலும் அதன் ‘ரெட் சீல்’ பிரிவு. கரூசோ, டாஸ்கனினி, ஹைஃபெட்ஸ் ஆகியோரின் தட்டுகளில் இருந்த அதே சிவப்பு முத்திரை.

இந்தக் கடைசித் தகவலை அலங்காரம் என்று கடந்துவிடக் கூடாது. அதே சிவப்பு முத்திரையில் கோர்ன்கோல்டின் திரையிசை ஏற்கெனவே ஒருமுறை மாறுவேடத்தில் வந்திருந்தது. 1945-ல் அவர் எழுதிய வயலின் கான்செர்ட்டோவின் மெட்டுகளை ‘அனதர் டான்’, ‘ஹுவாரெஸ்’, ‘அந்தோனி அட்வர்ஸ்’, ‘தி பிரின்ஸ் அண்ட் த பாப்பர்’ ஆகிய நான்கு படங்களிலிருந்து அவரே எடுத்தார். 1947-ல் அதை அரங்கேற்றிய ஹைஃபெட்ஸ், 1953-ல் ஆர்.சி.ஏ.வுக்குப் பதிவும் செய்தார். அப்போது அவை கான்செர்ட்டோ என்ற சட்டை போட்டுக்கொண்டு வந்தன. அப்படி வந்தும் நியூயார்க் விமர்சகர்கள் சினிமா வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்தார்கள். 1972-ல் அதே மாதிரி மெட்டுகள் படப்பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டே அதே முத்திரையின் கீழ் வந்தன. இந்தமுறை கேட்டவர்கள் மூக்கைப் பிடிக்கவில்லை.

* * *

ஏன்? இந்த வாரப் பகுதியின் கேள்வி இதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு திரை இசையமைப்பாளருக்குக் காலத்தில் ஓர் இடம் கிடைப்பது படத்தால் அல்ல, தொகுப்பால். படம் இசையைப் பயன்படுத்திக்கொள்கிறது. இதில் எது படம் போனபின்னும் நிற்கும் என்று தீர்ப்பளிப்பது தொகுக்கிறவரின் கை. கோர்ன்கோல்ட் விஷயத்தில் அந்தத் தீர்ப்பை கெர்ஹார்டும் ஜார்ஜும் எழுதினார்கள்; இன்றுவரை நாம் பெரும்பாலும் அதையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். ‘தி சீ ஹாக்’ 127 நிமிடம் ஓடுகிற படம். அதில் 100 நிமிடத்துக்கும் மேல் இசை. ஒரு நீளமான ஆப்பராவின் இரண்டு அங்கங்களுக்குச் சமமான எழுத்து. இசைத்தட்டில் அந்தப் படத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 7 நிமிடம்: தொடக்கத்தின் எக்காள முழக்கம், காதலர் மீண்டும் சேரும் இடம், முடிவு. ஒரு எல்.பி.யின் பக்கத்துக்கு 20, 25 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் பத்துப் படங்களுக்கு மேல் இரண்டு பக்கங்களில் அடக்க வேண்டிய கட்டாயம். ஆக, கொட்டகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர் காதில், வாள் மோதலுக்கும் பீரங்கிக்கும் வசனத்துக்கும் அடியில், ஒற்றைத் தடத்தில் நசுங்கி விழுந்தது முழுமையான கோர்ன்கோல்ட். வீட்டில் ஊசியை வைத்தவருக்குக் கிடைத்தது சிறு துண்டு. ஆனால் அந்தத் துண்டுதான் அவரை உயிர்ப்பித்தது. முழுமை 30 ஆண்டுகளாகக் கொட்டகையிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

பெயரும் இங்கே ஒரு காரணம். ‘அந்தோனி அட்வர்ஸ்’ படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, அன்றைய விதிப்படி விருது போனது வார்னர் நிறுவனத்தின் இசைத் துறைத் தலைவர் லியோ ஃபார்ப்ஸ்டீனுக்கு. ‘கேப்டன் பிளட்’ படத்தை மூன்று வாரத்தில் முடிக்கவேண்டியிருந்ததால் லிஸ்ட்டின் இசையிலிருந்து சில பகுதிகளைச் சேர்த்துக்கொண்ட கோர்ன்கோல்ட், தன்னை இசையமைத்தவர் என்று போடாமல் இசை ஒழுங்கு செய்தவர் என்று மட்டும் போடச் சொன்னார். படம் என்பது பலர் பெயர் ஓடி மறைகிற இடம். இசைத்தட்டின் அட்டையில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. ஒரே பெயர், அது அங்கேயே நிற்கிறது.

* * *

தொகுத்தால் போதும் என்றால், 1972-க்கு முன்பே ஏன் நடக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஏனென்றால் முன்பே ஒரு தொகுப்பு வந்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் வார்னர் நிறுவனமே, லயனல் நியூமன் நடத்த, கோர்ன்கோல்டின் திரையிசையை ஒரு எல்.பி.யாக வெளியிட்டது. அபிமானிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், உலகம் அசையவில்லை. என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய சான்றுகளில் இதுதான் வலுவானது. ஆனால் இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், என் வாதம் கலைவதற்குப் பதிலாகக் கூர்மையாகிறது. முதலாவதை வெளியிட்டது படம் எடுத்த நிறுவனம். அது தன் பழைய சரக்கைத் தானே புகழ்வது போலத்தான் தெரியும். இரண்டாவது வந்த வழி பீத்தோவனும் வெர்டியும் வந்த வழி: கச்சேரி இசைக்கான ஹால், கச்சேரி இசைக்கான ஒலிப்பதிவாளர், கச்சேரி இசைக்கான முத்திரை. தொகுத்தவர் யார், எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார் என்பதும் தீர்ப்பின் ஒரு பகுதி.

இதோடு காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கதை அரைக்கதையாகிவிடும். இந்த இரு தட்டுகளுக்கும் இடைப்பட்ட பத்தாண்டில் வியன்னாவின் பழைய இசையமைப்பாளர் மாஹ்லர் திரும்பி வந்தார். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் அவருடைய சிம்பொனிகளை வரிசையாகப் பதிவு செய்து 1967-ல் முடித்தார். வியன்னாவின் அந்தக் கொழுத்த, உணர்ச்சி ததும்பும் ஒலியை வெட்கமில்லாமல் ரசிக்கலாம் என்று ஒரு தலைமுறைக் காது பழகியது. சிறுவன் கோர்ன்கோல்டைக் கேட்டு மேதை என்று சொன்னவரே மாஹ்லர்தான் என்பதை நினைத்தால், முன்னவர் திறந்த கதவு வழியாகவே பின்னவர் நுழைந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் திறந்த கதவு வழியாக யாராவது கைபிடித்து அழைத்து வரவும் வேண்டும். வியன்னாவின் அதே ஒலியில் எழுதிய ஃபிரான்ஸ் ஷ்ரெக்கரின் ஆப்பராக்களுக்கு அப்படி ஒரு கை கிடைக்க இன்னும் சில ஆண்டு பிடித்தது.

‘ஸ்டார் வார்ஸ்’ வந்ததால்தான் எல்லாம் மாறியது என்பது அடிக்கடி கேட்கிற இன்னொரு மறுப்பு. ஜான் வில்லியம்ஸின் புகழ்பெற்ற தொடக்க இசைக்கும் கோர்ன்கோல்டின் ‘கிங்ஸ் ரோ’ தொடக்க இசைக்கும் உள்ள ஒற்றுமையைப் பலர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சுட்டிக்காட்ட ஆள் தேவைப்படாது. ஆனால் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது 1977-ல். ‘கிங்ஸ் ரோ’வின் அந்த முழக்கம் கெர்ஹார்டின் தட்டில் ஏறியது ஐந்து ஆண்டு முன்னால். விண்வெளிப் படம் கோர்ன்கோல்டை மீட்டது என்பதைவிட, மீட்கப்பட்ட கோர்ன்கோல்டின் ஒலி காற்றில் மிதந்துகொண்டிருந்த நேரத்தில் விண்வெளிப் படம் வந்தது என்பதே தேதிகளுக்குப் பொருந்துகிறது.

* * *

இதுவரை சொன்னவை வரலாற்று மறுப்புகள். அழகியல் மறுப்பு ஒன்று இருக்கிறது. அது இவற்றையெல்லாம் விட ஆழமானது. பிம்பத்துக்காக எழுதிய இசையைப் பிம்பத்திலிருந்து பிய்த்தால் மிஞ்சுவது திரையிசையே அல்ல, அதன் சடலம்தான் என்கிறார்கள். வெட்டுகிற இடத்தில் வாத்தியம் வெட்டுவதும், முத்தமிடுகிற இடத்தில் வயலின் ஏறுவதும் காட்சியில்லாமல் காரணமற்ற சத்தம் என்பது இவர்கள் கட்சி. வேறு இசையமைப்பாளர்கள் சிலரைப் பற்றி இது உண்மையாகவே இருக்கலாம். கோர்ன்கோல்டைப் பற்றி இதைச் சொல்ல முடியாது என்பதற்கு அவருடைய காகிதங்களே சாட்சி.

‘ராபின் ஹூட்’ படத்தின் இசை ஷெர்வுட் காட்டைப் பார்த்துப் பிறந்ததல்ல. அதன் முக்கியமான பகுதிகள் 1919-ல், ரிச்சர்ட் ஸ்ட்ராஸுக்குக் காணிக்கையாக அவர் எழுதிய ‘சுர்சும் கோர்டா’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பிலிருந்து வந்தவை. ராபினின் தோழர்கள் ஆடிப்பாடி வருகிற அணிவகுப்பு மெட்டு, 1929-ல் ஒரு ஆப்பரெட்டாவுக்காக எழுதியது. இசை மேடையிலிருந்து படத்துக்கு வந்தது. பிறகு நாம் பார்த்தபடி, படத்திலிருந்து வயலின் கான்செர்ட்டோவுக்குப் போனது. ‘டிசெப்ஷன்’ படத்தில் ஒரு பாத்திரம் வாசிப்பதாக வரும் செல்லோ இசையையும் விரித்து, தனி கான்செர்ட்டோவாக வரிசை எண் 37 கொடுத்துத் தன் படைப்புகளில் சேர்த்துக்கொண்டார். பிம்பம் என்பது அவருடைய மெட்டுகள் சில காலம் தங்கிய சத்திரம். பிறந்த வீடு அல்ல. எனவே கெர்ஹார்ட் செய்ததை அத்துமீறல் என்று சொல்வதற்கில்லை. இசையமைப்பாளரே வாழ்நாள் முழுவதும் செய்துவந்த வேலையை இன்னொருவர் தொடர்ந்தார், அவ்வளவுதான்.

ஆனால் இந்த மறுப்புக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. கோர்ன்கோல்டின் உச்சமான திறமை முழக்கங்களில் இல்லை. வசனத்துக்கு அடியில் ஓடுகிற இசையில் இருக்கிறது. ஆப்பராக்காரர் அவர். நடிகர் பேசுகிற குரலின் ஏற்ற இறக்கத்தைப் பாடுகிற குரல் போலவே பாவித்து, அது நிற்கிற இடத்தில் நின்று, தயங்குகிற இடத்தில் தயங்கி, ஆர்க்கெஸ்ட்ராவை அதன் கீழே நகர்த்துவார். திரையிடும் அறையில் படத்தை ஓடவிட்டு பியானோவில் வாசித்துப் பார்த்தே இசையமைத்தார். அந்தப் பகுதிகளைக் குரல் இல்லாமல் தனியே வாசித்தால், பாடகர் வராத ஆப்பராவாகத்தான் இருக்கும். அதனால் எந்தத் தொகுப்பிலும் அவை இடம்பெறுவது அரிது. இந்தத் தட்டிலும் அவற்றுக்குப் பெரிய இடமில்லை. இசைத்தட்டு நமக்குக் கொடுத்தது வாளும் கப்பலும் எக்காளமுமான கோர்ன்கோல்டை. அவர் எழுதிய படங்களில் அழுகையும் மனநோயும் மரணமும் நிறைந்தவையே அதிகம் என்றாலும், இன்று அவர் பெயரைச் சொன்னால் பாய்மரம் ஏறுகிற எரால் ஃபிளின் நினைவுக்கு வருவதற்குப் பாதிப் பழியை இந்தத் தட்டு ஏற்கவேண்டும்.

ஒலி பற்றியும் ஒரு புகார் உண்டு. 1940-ல் கோர்ன்கோல்டே நின்று நடத்திய பதிவு படத்தில் இருக்கும்போது, கிங்ஸ்வே ஹாலின் எதிரொலியில் மினுங்கவைத்தது பொய் அழகு அல்லவா என்பார்கள். வார்னர் ஸ்டூடியோவின் வறண்ட ஒலி சிக்கனத்தாலும் அன்றைய தொழில்நுட்பத்தாலும் வந்தது. இசையமைப்பாளர் விரும்பிக் கேட்டது அல்ல. காகிதத்தில் அவர் எழுதியிருப்பது ஹார்ப்களும் செலஸ்டாவும் மணிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வியன்னா ஆர்க்கெஸ்ட்ரா. அந்த அடுக்குகள் படத்தின் ஒலித்தடத்தில் கூழாகிவிட்டன. வில்கின்சனின் பதிவில் தனித்தனியே பிரிந்தன. ஆக, எழுதியதற்கு நெருக்கமாக இருப்பது பின்னதுதான். அந்தக் காகிதம் மிஞ்சியது என்பதே பெரிய அதிர்ஷ்டம். எம்.ஜி.எம். நிறுவனம் இந்தத் தட்டு வந்த காலத்தையொட்டித் தன் படங்களின் இசைக்குறிப்புகளை இடம் அடைக்கிறது என்று குப்பையில் கொட்டிவிட்டது. அங்கே வேலை செய்தவர்களின் இசையைப் பிறகு மீட்க நினைத்தவர்கள், படத்தைக் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு ஸ்வரமாக எழுதவேண்டியிருந்தது. வார்னரின் அலமாரி பிழைத்தது, கோர்ன்கோல்டும் பிழைத்தார்.

* * *

விளைவுகள் வேகமாக வந்தன. தட்டு விற்றது, ஆர்.சி.ஏ. அதை ஒரு தொடராகவே ஆக்கிவிட்டது. 1973-ல் மாக்ஸ் ஸ்டைனருக்கு ஒரு தட்டு; கோர்ன்கோல்டுக்கே இரண்டாவதாக ‘எலிசபெத் அண்ட் எஸெக்ஸ்’. பிறகு ஆல்ஃப்ரெட் நியூமன், ஃபிரான்ஸ் வாக்ஸ்மன், மிக்லோஷ் ரோஷா, டிமிட்ரி டியோம்கின் என்று ஹாலிவுட்டின் பழைய பட்டாளம் ஒவ்வொருவராகச் சிவப்பு முத்திரை குத்திக்கொண்டது. 1975-ல் அதே ஆர்.சி.ஏ., எரிக் லைன்ஸ்டார்ஃப் நடத்த, ‘டீ டோட்ட ஷ்டாட்’ ஆப்பராவை முழுமையாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு நியூயார்க் சிட்டி ஆப்பரா அதை மேடையேற்றியது. சினிமாவால் கெட்டுப்போனது என்று சொல்லப்பட்ட பெயரை, சினிமா இசைத் தொகுப்பே ஆப்பரா வீட்டுக்குத் திருப்பி அழைத்துப்போயிற்று. மூனிக்கில் நடத்துநர் ருடால்ஃப் கெம்பே அவருடைய சிம்பொனியை 1972-லேயே கையில் எடுத்ததையும் சொல்லவேண்டும். அதை இந்தத் தட்டின் விளைவு என்று கூற ஆண்டுக்கணக்கு இடம் தராது. அங்கேயும் பதிவின் பின்னால் இருந்தவர் ஜார்ஜ்தான். அதே மகன், இரண்டு கதவு. இரண்டில் எதன் வழியாக அதிகம் பேர் வந்தார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தத் தொடரில் தட்டு கிடைத்தவர்களில் கோர்ன்கோல்ட், ஸ்டைனர், வாக்ஸ்மன், நியூமன் எல்லாரும் இறந்துபோனவர்கள். இறந்தவரைத் தொகுப்பது சுலபம். அவர் எழுந்து வந்து, இந்த இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்கமாட்டார். ஆனால் 1974-ல் கெர்ஹார்ட் அடுத்து எடுத்தது ‘சிட்டிசன் கேன்’. அதில் வருகிற பொய் ஆப்பராவின் பாடலைப் பாட கிரி டெ கனாவாவை அழைத்தார். இசையமைத்தவர் பெர்னார்ட் ஹெர்மன், உயிரோடு, அதுவும் லண்டனிலேயே குடியிருந்தார். யார் சொல்லையும் கேட்காத மனிதர் என்று ஹாலிவுட் முழுக்கப் பெயர் வாங்கியவர். தன் திரையிசையைத் தானே தேர்ந்தெடுத்துத் தானே நடத்தி, கெர்ஹார்டுக்கு முன்பே டெக்காவுக்காகத் தட்டுகள் போட ஆரம்பித்திருந்தார்.

1975-ல், சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, இதே நேஷனல் பில்ஹார்மோனிக்கைக் கூட்டி ‘சைக்கோ’ முழுவதையும் அவரே நடத்திப் பதிவு செய்தார். 1960-ல் ஹிட்ச்காக் படத்தில் கேட்ட வேகம் அதில் இல்லை; பல இடங்களில் வெளிப்படையாகவே நிதானம். கோர்ன்கோல்ட் விஷயத்தில் காகிதத்தைக் காட்டி நான் தப்பித்துக்கொண்டேன். எழுதிய கையே பதினைந்து ஆண்டு கழித்து வேறு மாதிரி நடத்தினால், எதைக் காட்டுவது? உலகம் பயந்து பழகிய அந்தப் படத்தின் ஒலியையா, படைத்தவரே கடைசியாக விட்டுச்சென்ற இந்த ஒலியையா?

(தொடரும்)